விரலுக்குள் காந்தம்: எது தெரியும், எது தெரியாது

போன எபிசோடில், விரல் நுனிக்குள் சின்னக் காந்தம் பதித்துக்கொள்கிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். அன்று இரவே கனடாவிலிருந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். எலக்ட்ரீஷியன் வேலைக்குப் பயிற்சியில் இருக்கிறாராம். அவர் கேட்டது இது: "அண்ணா, விரலுக்குள்ள காந்தம் இருந்தா கரண்ட் ஓடுற வயரைத் தொடாமலே கண்டுபிடிக்கலாம் எண்டு சொல்லினம். வேலையில உதவும் எண்டு நினைக்கிறன். செய்யலாமோ?"

வேலையில் அதை நம்பக் கூடாது, தம்பி. பதில் அவ்வளவுதான். ஆனால் ஏன் கூடாது என்பதற்குள் பள்ளிக்கூட இயற்பியல் பாதி இருக்கிறது. இந்த விஷயத்தைச் சுற்றிப் பேசப்படும் "ஆறாவது அறிவு" கதைகளில் எது நிஜம், எது மிகை என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. அதனால் இந்த வாரக் கடிதம் முழுக்க இதுதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் விரலுக்குள் காந்தம் இல்லை. நகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு ஆறு வாரம் திரிந்தேன். கீழே "எனக்குத் தெரிந்தது" என்று எங்கே வந்தாலும் அது நகத்துக் காந்தத்தின் அனுபவம். உள்ளே வைத்தவர்களுக்கு இன்னும் நுணுக்கமாகத் தெரியும் என்கிறார்கள். காந்தம் நரம்புக்குப் பக்கத்தில் இருப்பதால் அது நியாயமாகத்தான் படுகிறது.

இந்தப் பழக்கம் 2000-களின் நடுவில் அமெரிக்காவில் தொடங்கியது. ஸ்டீவ் ஹாவர்த், ஜெஸ்ஸி ஜாரெல் என்ற இரண்டு உடல் மாற்றக் கலைஞர்கள் இதை உருவாக்கினார்கள். முதலில் வைத்துக்கொண்டவர்களில் டாட் ஹஃப்மன் ஒருவர். க்வின் நார்டன் என்ற பத்திரிகையாளர் 2005-இல் தன் விரலில் ஒன்று வைத்துக்கொண்டு, 2006-இல் 'வயர்ட்' இதழில் அதைப் பற்றி எழுதிய பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. அவர் விரலுக்கு என்ன ஆனது என்பதற்குப் பிறகு வருகிறேன். இந்தப் பாடத்திலேயே முக்கியமான பகுதி அது.

உடம்பைக் குத்திக்கொள்வது நமக்கொன்றும் புதிதில்லை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சிகள் காது வளர்த்துப் பாம்படம் போட்டவர்கள். ஒரு வயதுக் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தாத வீடு அங்கே குறைவு. ஆனால் காது குத்துவதற்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. காது புண்ணானால் தோட்டைக் கழற்றி வைத்துவிடலாம். விரலுக்குள் மூடித் தைத்த காந்தத்தைக் கழற்ற இன்னொரு தடவை கத்தி வேண்டும்.

காந்தத்தை அசைப்பது எது

பதிப்பவை பெரும்பாலும் நியோடிமியம் காந்தங்கள். நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த கலவை. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் சுமிடோமோவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. 3 மில்லிமீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் தடிமன் என்றால் உளுந்தம்பருப்பை விடச் சின்னது. பெரும்பாலும் அதிகம் புழங்காத கையின் மோதிர விரலில், நுனியின் பக்கவாட்டில் வைக்கிறார்கள். பொருளைப் பிடிக்கும்போது அழுத்தம் நேராக விழாத இடம் அது.

பக்கத்தில் இரும்போ இன்னொரு காந்தமோ வந்தால் அது இழுபடும் அல்லது தள்ளப்படும். ஏசி மின்னோட்டம் ஓடுகிற சுருள் பக்கத்தில் வந்தால் துடிக்கும். பிரிட்டனிலும் இந்தியாவிலும் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, கனடாவில் 60. காந்தம் அதே கதியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகப் பார்க்கும். அந்தத் திருகலைத்தான் விரல் அதிர்வாக உணர்கிறது.

இங்கே ஒரு தற்செயல் கைகொடுக்கிறது. விரல் நுனியில் அதிர்வை உணர முக்கியமாக இரண்டு வகை உணர்முனைகள் உண்டு. மைஸ்னர் வகை சுமார் 10 முதல் 50 ஹெர்ட்ஸ் வரை நன்றாக வேலை செய்யும். பசீனியன் வகை 200, 300 ஹெர்ட்ஸ் பக்கம் மிகக் கூர்மை, ஆனால் அதற்குக் கீழேயும் கொஞ்சம் கேட்கும். 50, 60 என்பது இரண்டும் கைகொடுக்கிற இடத்தில் விழுகிறது. உலகம் 400 ஹெர்ட்ஸையோ 5,000 ஹெர்ட்ஸையோ தேர்ந்தெடுத்திருந்தால் கதை வேறு.

அதனால் "ஆறாவது புலன்" என்ற சொல் எனக்கு ஒப்பாது. புது நரம்பு எதுவும் முளைக்கவில்லை. பழைய தொடு உணர்வுக்கே ஒரு மொழிபெயர்ப்பாளர் கிடைத்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்த மொழிபெயர்ப்பில் சுவாரசியம் உண்டு. தெருமுனை டிரான்ஸ்பார்மர் "ம்ம்ம்" என்று முனகுவதைக் கேட்டிருப்பீர்கள். காதுக்கு அது 100 ஹெர்ட்ஸ். உள்ளிருக்கும் இரும்பு, புலம் எந்தத் திசையில் இருந்தாலும் அதே மாதிரிதான் நீண்டு சுருங்கும். அதனால் ஒரு சுழற்சிக்கு இரண்டு தடவை. காந்தத்துக்கோ திசை தெரியும். ஒரு சுழற்சிக்கு ஒரே ஆட்டம். ஆக, காதுக்கு 100 என்று கேட்பது விரலுக்கு 50 என்று தெரியும். பழைய வானொலி அடாப்டர் ஒன்றைக் காதிடமும் நகத்திடமும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். காதுக்குக் கேட்டதை விட விரலில் ஒரு படி 'தடித்த' துடிப்பு. என் மனைவி அதை ஒரு மாதிரிதான் பார்த்தாள்.

தம்பியின் கேள்வி

இப்போது வயருக்கு வருவோம். இரண்டு விஷயம் இருக்கிறது, தம்பி. இரண்டுமே உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

காந்தப்புலத்தை உண்டாக்குவது ஓடுகிற கரண்ட். வோல்டேஜ் இல்லை. ஒரு வயரில் 120 வோல்ட் இருக்கிறது, ஆனால் அந்தப் பக்கம் எந்தச் சாதனமும் ஓடவில்லை என்றால் கரண்ட் சுழியம், காந்தப்புலமும் கிட்டத்தட்டச் சுழியம். விரல் அமைதியாக இருக்கும். நீங்கள் தொட்டீர்களானால் கரண்ட் அப்போதுதான் ஓடத் தொடங்கும், உங்கள் வழியாக. அதாவது ஆளைக் கொல்லக்கூடிய வயர்களிலேயே மிக வஞ்சகமானது, லோடு இல்லாமல் சும்மா உயிரோடு கிடக்கிற வயர், காந்த விரலுக்குச் செத்த வயராகத்தான் தெரியும். இந்த ஒரு காரணமே போதும்.

சரி, லோடு ஓடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது தெரியுமா? உங்கள் பையில் கிளாம்ப் மீட்டர் இருக்கும். அதை ஒரே வயரைச் சுற்றிப் போட்டால் ஆம்பியர் காட்டும். கறுப்பு, வெள்ளை இரண்டையும் சேர்த்துப் போட்டால்? சுழியம். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. சுவருக்குள் ஓடுகிற கேபிளில் இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் போகின்றன. விரலும் ஒருவகைக் கிளாம்ப் மீட்டர்தான், மட்டமான கிளாம்ப் மீட்டர்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒற்றை வயரில் 10 ஆம்பியர், அதாவது இங்கே இங்கிலாந்தில் ஒரு கெட்டில் இழுக்கிற அளவு. 2 சென்டிமீட்டர் தள்ளி 100 மைக்ரோ டெஸ்லா இருக்கும். 10 சென்டிமீட்டர் தள்ளி 20. அதே கரண்ட் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் போய்த் திரும்பினால், 2 சென்டிமீட்டரில் 25-க்கு இறங்கிவிடும். 10 சென்டிமீட்டரில் வெறும் 1. ஒற்றை வயரின் புலம் தூரத்துக்கு ஏற்பக் குறையும், ஜோடியின் புலம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த சூத்திரம் வேலைக்கு வருகிற அபூர்வத் தருணம்.

எங்கள் வீட்டுக் கெட்டிலின் கேபிள் மேலேயே விரலை வைத்துப் பார்த்தேன். ஏதோ இருக்கிறதோ இல்லையோ என்று சந்தேகப்படுகிற அளவு. ஒரு அங்குலம் தூக்கினால் ஒன்றுமில்லை. சுவரில் தடவிப் பார்த்தது வீண் வேலை.

தொடாமல் பார்க்கிற பேனா டெஸ்டர் இருக்கிறதே, அது வேறு சங்கதி. அது மின்புலத்தைப் பார்க்கிறது, அதனால் லோடு இல்லாத வயரிலும் விளக்கு எரியும். அதையும் முழுசாக நம்பாமல், மீட்டரை முதலில் உயிருள்ள இடத்தில் சோதித்து, பிறகு வேலை செய்யப்போகிற வயரில் பார்த்து, மறுபடி உயிருள்ள இடத்தில் சோதித்து மீட்டர் சாகவில்லை என்று உறுதி செய்யச் சொல்லித் தருகிறார்கள். உங்கள் வாத்தியாரும் சொல்லியிருப்பார். அந்த மூன்று அடி வரிசைக்குள் விரலுக்கு இடமே இல்லை. என் பயம் என்னவென்றால், விரல் பத்து தடவை சரியாகச் சொல்லிவிடும். பதினோராவது தடவை மீட்டரை எடுக்கச் சோம்பலாக இருக்கும்.

வேறு என்னதான் தெரியும்

சுருளாகச் சுற்றிய கம்பி, இரும்புக் கருவோடு. அதுதான் காந்த விரலின் உலகம். டிரான்ஸ்பார்மர், மோட்டார், ஸ்பீக்கர்.

மைக்ரோவேவ் அடுப்பின் வலது பக்கம், பட்டன்களுக்குப் பின்னால் கனமான டிரான்ஸ்பார்மர் உட்கார்ந்திருக்கும். நாலு விரற்கடை தூரத்திலேயே நகம் 'விர்' என்றது. கையை மேலும் கீழும் நகர்த்தினால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோடு போட்டுக் காட்டலாம். இந்த 'வடிவம்' தெரிவதுதான் எனக்கு உண்மையாகவே பிடித்த பகுதி. கண்ணுக்குத் தெரியாத ஒரு பலூனைத் தடவுவது போல இருக்கும். மிக்ஸியும் அப்படித்தான். ஆனால் மிக்ஸி உடம்பைத் தொட்டுவிட்டால் அதன் சொந்த ஆட்டத்தில் எல்லாம் குழம்பிவிடும். விரலைக் காற்றிலேயே வைக்க வேண்டும். சட்னிக்கு அரைக்கிற நேரம்தான் என் ஆராய்ச்சி நேரம்.

இண்டக்‌ஷன் அடுப்பு பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். அதன் சுருள் நொடிக்குப் பல்லாயிரம் தடவை திசை மாறும். அந்த வேகத்தை விரல் நரம்பு எட்டாது. தவிர, பக்கத்தில் வரும் உலோகத்தைச் சூடாக்குவதே அந்த அடுப்பின் தொழில். நான் கையைக் கொண்டுபோகவில்லை, நீங்களும் வேண்டாம்.

வடக்கு தெற்கு தெரியுமா என்றால், தெரியாது. பூமியின் புலம் இங்கே சுமார் 50 மைக்ரோ டெஸ்லா. மேலே சொன்ன ஒற்றை வயர்க் கணக்கோடு ஒப்பிட்டால் சின்னதில்லைதான். ஆனால் அது துடிக்காமல் சும்மா இருக்கிறது. 3 மில்லிமீட்டர் காந்தத்தின் மேல் அது செய்யும் திருகலைக் கணக்குப் போட்டால் கிராமில் சுமார் நூறில் ஒரு பங்கு எடைதான் வரும். தோல் அதைக் கண்டுகொள்ளாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2005-இல் இதை வைத்துக்கொண்டவர்களுக்கு உலகம் இன்று இருப்பதை விடச் சத்தமாக இருந்தது. மேசையில் பெரிய குழாய் மானிட்டர், அதை ஆன் செய்தால் ஒரு பெரிய காந்த அதிர்ச்சி. சுற்றுகிற ஹார்ட் டிஸ்க். ஒவ்வொரு பிளக்கிலும் செங்கல் மாதிரி இரும்பு அடாப்டர். இன்றைக்கு என் மேசையில் இருப்பது அசையும் பாகமே இல்லாத டிஸ்க், உள்ளங்கையில் அடங்குகிற உயர் அதிர்வெண் சார்ஜர், எல்இடி விளக்கு. மூன்றுமே விரலுக்கு ஊமை. நகத்தில் காந்தத்தோடு அலுவலகத்தில் ஒரு நாள் முழுக்கத் திரிந்ததில், பேசியது பழைய காகித அரைப்பான் ஒன்றுதான். அந்தக் காலத்துக் கட்டுரைகளைப் படித்துவிட்டு இன்று வைத்துக்கொள்கிறவருக்கு ஏமாற்றம் இருக்கும் என்பது என் கணிப்பு.

பூச்சுதான் எல்லாம்

இப்போது க்வின் நார்டன் கதை. நியோடிமியம் காந்தத்துக்கு ஈரம் ஆகாது. அதில் இருப்பது பெரும்பாலும் இரும்பு. நம் உடம்போ வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். அதனால் காந்தத்தை எதிலாவது முழுசாகப் பொதிய வேண்டும். நார்டனுக்கு வைத்ததில் சிலிக்கோன் உறை. சில மாதங்களில் உறை விட்டுப்போனது. விரல் நுனி கறுத்தது. எடுக்கப் போன மருத்துவர் கையில் காந்தம் துண்டு துண்டாக உடைந்தது. துண்டுகள் உள்ளேயே தங்கி, காந்தம் அல்லவா, சில மாதங்களில் ஒன்றையொன்று இழுத்து மறுபடி ஒட்டிக்கொண்டன. கேட்க வேடிக்கையாக இருக்கிறது. அந்த மாதங்கள் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்தால் வேடிக்கை இல்லை.

அதற்குப் பிறகு வந்தவர்கள் பாரிலீன், தங்கம், டைட்டானியம் நைட்ரைடு, கண்ணாடி, முழு டைட்டானியம் கூடு என்று பல உறைகளுக்கு மாறினார்கள். நிலைமை மேம்பட்டிருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் எதிரி ஒன்றே: ஒரே ஒரு கீறல், ஊசிமுனை அளவு ஓட்டை. கடையில் கிடைக்கிற நிக்கல் பூசிய காந்தம் இதற்கு ஆகவே ஆகாது. நிக்கலே பலருக்கு ஒவ்வாமை தருகிற உலோகம்.

வீட்டில் ஒரு சோதனை செய்தேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு, கிட்டத்தட்ட ரத்தத்தின் உப்புச் செறிவு. அதில் இரண்டு நிக்கல் பூச்சுக் காந்தங்கள், ஒன்றை மட்டும் அரத்தால் ஒரு இழுப்பு. ஹீட்டருக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தேன். கீறியது சில நாட்களிலேயே பழுப்பு நீர் விட்டது. இரண்டு வாரத்தில் கீறல் ஓரம் விரலால் தேய்த்தாலே பொடி வந்தது. கீறாதது பளபளவென்று அப்படியே இருந்தது. இரண்டு கண்ணாடி டம்ளரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி முடிவு எடுத்துவிடலாம்.

அடுத்த சிக்கல் கிருமி நீக்கம். அறுவைக் கருவிகளை ஆட்டோகிளேவில் 121 அல்லது 134 டிகிரி நீராவியில் வைப்பார்கள். சாதாரண நியோடிமியம் காந்தங்கள் சுமார் 80 டிகிரி வரைதான் தாங்கும். அதற்கு மேல் போனால் வலுவில் ஒரு பங்கை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும். எனவே குளிர்ந்த முறையில், வாயுவாலோ ரசாயனத்தாலோ செய்ய வேண்டும். அதை ஒழுங்காகச் செய்வது சமையலறையில் நடக்கிற காரியம் இல்லை.

சமையலறை என்று சும்மா சொல்லவில்லை. லெஃப்ட் அனானிம் என்ற புனைபெயரில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஒருவர், தனக்குத் தானே, மரத்துப்போகும் ஊசி இல்லாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டதைப் பற்றி 2010 டிசம்பரில் பெர்லின் ஹேக்கர் மாநாட்டில் பேசினார். அந்தத் துணிச்சலைப் பாராட்டிப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சில் மனதில் நின்றது, பலமுறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்த பகுதிதான்.

விரல் நுனி ஏன் மோசமான இடம் என்றால், அங்கே சதை ஆரஞ்சுச் சுளை மாதிரி சின்னச் சின்ன அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. சீழ் பிடித்தால் விரிய இடமில்லை. அழுத்தம் ஏறி ரத்த ஓட்டத்தையே அடைக்கும், எலும்பு வரைக்கும் போகலாம். விரலின் இரண்டு பக்கமும் நரம்பு ஓடுகிறது. எலக்ட்ரீஷியனுக்கும் தையல்காரருக்கும் வீணை வாசிக்கிறவருக்கும் அந்த நுனிதான் சோறு. (வீணை என்றதும் ஞாபகம்: எஃகுக் கம்பி வாத்தியம் வாசிக்கிறவர்கள் இதை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். கம்பி விரலை இழுக்கும்.)

சட்டம் பற்றிச் சுருக்கமாக. இங்கிலாந்தில் மரத்துப்போகச் செய்யும் ஊசி மருந்து மருத்துவச் சீட்டுக்கு உட்பட்டது, பியர்சிங் கடைக்காரர் தன் இஷ்டத்துக்குப் போட முடியாது. அதனால்தான் பல இடங்களில் ஐஸ் தண்ணீரில் விரலை முக்கி வைக்கிறார்கள். 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில், வாடிக்கையாளர் சம்மதித்தார் என்பது காது அறுப்பது, நாக்கைப் பிளப்பது போன்ற வேலைகளுக்குத் தற்காப்பு ஆகாது என்று தீர்ப்பளித்தது. அந்தக் கடைக்காரர் சிறைக்குப் போனார். காந்தம் பற்றி அந்த வழக்கில் எதுவும் இல்லை. ஆனால் இதைச் செய்யத் தயாராக இருந்த பியர்சிங் கலைஞர்களுக்குக் கோடு எங்கே என்ற கவலையை அது கொடுத்திருக்கும். நீங்கள் இருக்கிற நாட்டில் நிலைமை என்ன என்று முதலில் விசாரியுங்கள்.

எம்ஆர்ஐ

நான் வைத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். எனக்கு முதுகில் டிஸ்க் பிரச்சினை. இதுவரை இரண்டு தடவை எம்ஆர்ஐ எடுத்தாயிற்று, இனியும் எடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு படிவம் தருவார்கள்: உடம்பில் உலோகம் ஏதாவது உண்டா?

சாதாரண எம்ஆர்ஐ 1.5 டெஸ்லா. பூமியின் புலத்தைப் போல 30,000 மடங்கு. 3 மில்லிமீட்டர் காந்தத்தை அதற்குள் கொண்டுபோனால், புலத்தோடு நேராக நிற்க அது திருகும். கணக்குப் போட்டால் வில்லையின் ஒவ்வொரு விளிம்பிலும் 350 கிராமுக்கு மேல் தொங்கவிட்ட மாதிரி விசை, அதுவும் சதைக்குள்ளே. உறை கிழியலாம், காந்தம் வலு இழக்கலாம், சுற்றியுள்ள படமும் கெடும். ஸ்கேன் எடுப்பவர்கள் "முதலில் அதை எடுத்துவிட்டு வாருங்கள்" என்று சொல்ல எல்லா நியாயமும் உண்டு. திட்டமிட்ட ஸ்கேன் என்றால் பரவாயில்லை. விபத்தில் மயங்கிய நிலையில் கொண்டுபோனால் உங்கள் விரலில் என்ன இருக்கிறது என்று யார் சொல்வது? வைத்துக்கொண்டவர்கள் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள், மருத்துவக் குறிப்பிலும் எழுதி வையுங்கள். அம்மாவிடம் சொல்ல வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் இல்லை இது.

எனக்கு இருபது வயதில் முதுகு நன்றாகத்தான் இருந்தது என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

வேறு வழியில் ஒரு சுவாரசியம்

இவ்வளவு சொன்ன பிறகும் இதில் என்னைக் கவர்ந்த ஒன்று இருக்கிறது. ரெடிங் பல்கலைக்கழகத்தில் கெவின் வார்விக் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், விரலில் பதித்த காந்தத்தைச் சுற்றி வெளியே ஒரு கம்பிச் சுருளை மோதிரம் போல மாட்டினார்கள். சுருளில் செலுத்தும் மின்னோட்டத்துக்கு ஏற்பக் காந்தம் அதிரும். அதோடு மீயொலித் தூரமானியை இணைத்தால், எதிரே இருக்கிற பொருள் எவ்வளவு தூரம் என்பது விரலில் தெரியும். மோர்ஸ் குறியீடும் அனுப்பலாம். அதாவது காந்தத்தை மைக்காக இல்லாமல் ஸ்பீக்கராகப் பயன்படுத்துகிறார்கள். உலகத்தின் டிரான்ஸ்பார்மர்கள் ஊமையாகிக்கொண்டு வருகிற காலத்தில் இதுதான் புத்திசாலித்தனமான திசை.

ஆனால் அந்த வேலைக்குக் கத்தி தேவையா? ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கோனிக் குழு ஒரு இடுப்புப் பட்டை செய்தது. சுற்றிலும் அதிர்வு மோட்டார்கள், வடக்கே இருக்கிற மோட்டார் மட்டும் எப்போதும் அதிரும். வாரக்கணக்கில் கட்டிக்கொண்டவர்களில் சிலருக்கு அது அதிர்வாகத் தெரிவது போய், திசையாகவே தெரியத் தொடங்கியது. காந்தத்தை உள்ளே வைத்தாலும் தெரியாத வடக்கு, பெல்ட்டில் தெரிகிறது. சலித்துப்போனால் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம்.

நகத்தில் ஒட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கு: 3 மில்லிமீட்டர் வில்லை, நகத்துக்கான பசை, மோதிர விரல். முதல் இரண்டு நாள் எல்லாவற்றையும் தடவத் தோன்றும், மூன்றாம் நாள் ஒட்டியிருப்பதே மறந்துபோகும். சாவிக்கொத்து விரலைத் தேடி வந்து 'டக்' என்று ஒட்டும்போதுதான் ஞாபகம் வரும். ஹோட்டல் அறைச் சாவி அட்டை வலு குறைந்த காந்தப் பட்டை என்பதால் அழிந்துபோகலாம். வங்கி அட்டை பொதுவாகத் தாங்கும். போனின் திசைகாட்டி உளறும். உடம்பில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வீட்டில் இருந்தால் இந்த விளையாட்டே வேண்டாம், அப்பா அம்மா ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கிற நேரமாக இருந்தால் முக்கியமாக யோசியுங்கள். குழந்தைகள் இருந்தால் இன்னும் கறார்: இரண்டு காந்தத்தை விழுங்கினால் அவை குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று பிடித்து ஓட்டை போட்டுவிடும். அவசர அறுவை சிகிச்சை வரை போகிற விஷயம். மிச்சக் காந்தங்களை எண்ணி, மூடி போட்ட டப்பாவில், கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். ஒட்டியது ஆட ஆரம்பித்தால் உடனே எடுத்துவிடுங்கள். தூக்கத்தில் விழுந்து, தவழுகிற பிள்ளை கையில் கிடைக்கக் கூடாது. கழற்ற நகப்பாலிஷ் எடுக்கிற அசிட்டோனில் கொஞ்ச நேரம் ஊற வைத்தால் போதும், பிடுங்காதீர்கள்.

ஆறு வாரம் முடிந்து நான் கழற்றிய அன்று மாலை மைக்ரோவேவ் பக்கத்தில் கை தானாகப் போனது. ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மூன்று நாள் அது ஒரு மாதிரி வெறுமையாகத்தான் இருந்தது, உண்மை.

கனடாத் தம்பி, பயிற்சி முடிந்து லைசென்ஸ் வாங்கியதும் ஒரு மெசேஜ் போடுங்க. அடுத்த எபிசோடில் கைக்குள் வைக்கிற என்எஃப்சி சிப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறோம். கேள்விகள் இருந்தால் வியாழனுக்குள் அனுப்புங்கள்.